ஊர்க் கூடத்தில் திரை கட்டுவது: பிரிட்டன், அயர்லாந்து திரைப்படச் சங்கங்களில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உள்ள சிற்றூர்களில், மாதம் ஒரு மாலை, தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலோ ஊர்ப் பொதுக் கூடத்திலோ திரை கட்டிப் படம் காட்டும் சங்கங்கள் நிறைய உண்டு. புதிதாகக் குடிவந்த ஒருவர் நூலகச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து முதல் முறை போவார்; இரண்டாம் முறை பக்கத்து நாற்காலிக்காரர் அவர் பெயரைக் கேட்பார்; மூன்றாம் முறை படம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கக் கை கொடுப்பார்; அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிவதற்குள் செயற்குழுவில் இருப்பார். எனக்கும் அப்படித்தான் நடந்தது. செயற்குழுவில் சேர்ந்த கையோடு, “அடுத்த பருவத்தில் ஒரு பிரிட்டிஷ் படத்தையோ ஐரிஷ் படத்தையோ நீங்களே தேர்ந்தெடுத்து நடத்துங்கள்” என்று பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்நாடுகளின் சுயாதீனத் திரைப்படங்களில் பல, ஒரு குறிப்பிட்ட ஊரில் வேரூன்றி, அந்த ஊரின் பேச்சு வழக்கிலேயே பேசுபவை. கிளாஸ்கோ பேச்சை கார்ன்வால்காரரும் பெல்ஃபாஸ்ட் பேச்சை லண்டன்காரரும் முழுவதும் பிடித்துக்கொள்வார்கள் என்பதற்கு உறுதியில்லை. பிறகு வந்து சேர்ந்த நம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆகவே படத்தைத் தேர்வது முதல் நாற்காலி போடுவது வரை ஒவ்வொரு வேலையையும், கடைசி வரிசையில் இருப்பவருக்கு வசனம் புரியுமா என்ற கேள்வியை வைத்து எடைபோட்டுக்கொள்ளுங்கள். படம் சற்று மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்பவர்கள்கூட, பேச்சு புரியாவிட்டால் அடுத்த மாதம் வருவதில்லை.

முதல் வேலை: படத்தைத் தேர்வது

சுயாதீனம் என்ற சொல்லுக்கு இங்கே சற்று நெகிழ்வான பொருள்தான் உண்டு. ஹாலிவுட் நிறுவனங்களின் பணமும் பிடியும் இல்லாமல் எடுக்கப்பட்ட படம் என்று வைத்துக்கொண்டால் நடைமுறைக்குப் போதும். 1982-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய சேனல் 4, பிபிசியின் திரைப்படப் பிரிவு, லாட்டரி நிதியைப் பகிர்ந்தளிக்கும் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட், அயர்லாந்தில் அரசின் திரைப்பட நிதி அமைப்பான ஸ்கிரீன் அயர்லாந்து ஆகியவற்றில் ஒன்றின் பெயராவது பல படங்களின் தொடக்கத்தில் வரும். அதனால் அவற்றைச் சுயாதீனப் படங்கள் அல்ல என்று யாரும் ஒதுக்குவதில்லை.

உங்களுக்கு மிகவும் பிடித்த படத்தை முதல் முறையே எடுக்காதீர்கள். பிடித்த படத்தைப் பல முறை பார்த்திருப்பீர்கள். ஆகவே அதில் எந்த வசனம் முதல்முறை பார்ப்பவருக்குப் புரியாது என்பது உங்கள் காதுக்கு எட்டாது. இரண்டு மூன்று படங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் துணைத்தலைப்பை (சப்டைட்டிலை) அணைத்துவிட்டு முதல் இருபது நிமிடங்கள் பாருங்கள். கென் லோச் இயக்கிய ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’ (2002) ஸ்காட்லாந்தின் கிரீனக் பகுதிப் பேச்சில் எடுக்கப்பட்ட படம். ஆங்கிலப் படமாக இருந்தும் ஆங்கிலத் துணைத்தலைப்போடு காட்டப்பட்டதுண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெல்லைப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் ஒரே கூடத்தில் ஒலித்தால் நமக்கே சில சொற்கள் நழுவத்தான் செய்யும்.

முதல் முறைக்கு எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, வியப்பாகத் தோன்றினாலும், ஐரிஷ் மொழிப் படம் ஒன்றையே நான் சொல்வேன். கொல்ம் பாரேய்ட் இயக்கிய ‘அன் கலீன் கியூன்’ (2022), ‘த க்வயட் கேர்ள்’ என்ற ஆங்கிலப் பெயராலும் அறியப்படுவது, ஒரு கோடைகாலத்துக்கு உறவினர் வீட்டில் விடப்படும் சிறுமியின் கதை. சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் ஐரிஷ் மொழிப் படமும் அதுதான். மொழி தெரியாத படம் என்பதால் ஆங்கிலத் துணைத்தலைப்பு பெரும்பகுதிக்கு உடன் வருகிறது. கூடத்தில் உள்ள எல்லோரும் ஒரே நிலையில் இருந்து பார்க்கிறார்கள். ஆங்கிலப் படங்களில்தான், புரிந்தவர் சிரிக்கும்போது புரியாதவர் அக்கம்பக்கம் பார்ப்பார். ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடுவதால் தேநீருக்கும் பேச்சுக்கும் நேரம் மிஞ்சும்.

குழந்தைகளுக்கான பிற்பகல் காட்சி என்றால், கில்கெனி நகரில் இயங்கும் கார்ட்டூன் சலூன் நிறுவனத்தின் ‘சாங் ஆஃப் த சீ’ (2014) போன்ற அசைவூட்டப் படங்கள் இருக்கின்றன.

சான்றிதழையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பிரிட்டனில் பிபிஎஃப்சி வாரியம் யு, பிஜி, 12ஏ, 15, 18 என்று பார்ப்பவர் வயதை வைத்துத் தரம் பிரிக்கிறது. 15 என்றால், பெற்றோர் உடன் வந்தாலும் பதினைந்து வயது நிரம்பாதவரை உள்ளே விடக் கூடாது. வாசலில் நிற்கும் உங்கள் பொறுப்பு அது. அயர்லாந்துக் குடியரசில் வேறு அமைப்பு, வேறு தரங்கள்: அங்கே 15ஏ என்றொரு பிரிவு உண்டு, அதில் பெரியவர் துணையோடு சிறுவர் வரலாம். மேலே சொன்ன ‘ஸ்வீட் சிக்ஸ்டீன்’, பதினாறு வயதை எட்டப்போகும் ஒரு பையனைப் பற்றிய படம். அதில் வரும் வசைச்சொற்களால் பிரிட்டனில் அதற்கு 18 கிடைத்தது. அவன் வயதுப் பிள்ளைகள் அரங்கில் அதைப் பார்க்க முடியவில்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை, ஆயினும் வாசலில் நிற்கும்போது சட்டம் சட்டம்தான்.

இரண்டாம் வேலை: உரிமம்

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். கடையில் வாங்கிய டிவிடி வீட்டில் பார்ப்பதற்கு மட்டுமே உரியது. இணையத் தளச் சந்தாவும் பொதுவாக அப்படியே. நுழைவுக் கட்டணம் வாங்காவிட்டாலும், வருபவர்கள் எல்லோரும் உறுப்பினர்களாகவே இருந்தாலும், கூடத்தில் காட்டுவது பொதுத் திரையிடல் என்றே கொள்ளப்படும். பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அயர்லாந்தின் 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு உரிமையாளரின் அனுமதியைக் கேட்கின்றன. 1925-இல் லண்டனில் தொடங்கிய ‘ஃபிலிம் சொசைட்டி’, வணிக அரங்குகள் தொடாத படங்களையும் தணிக்கையைத் தாண்டாத படங்களையும் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று சொல்லிக் காட்டியது. அந்த வரலாற்றைக் கேள்விப்பட்டு, உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டினால் உரிமம் வேண்டாம் என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். தணிக்கைக்குச் சொன்ன விலக்கு பதிப்புரிமைக்குப் பொருந்தாது.

அனுமதியை யாரிடம் கேட்பது? பெரிய பட்டியல்களைக் கையாளும் ஃபிலிம்பேங்க்மீடியா, எம்பிஎல்சி ஆகிய உரிம நிறுவனங்களின் பட்டியலில் முதலில் தேடுங்கள். சுயாதீனப் படங்கள் பல அங்கே கிடைக்கும்; கிடைக்காதவற்றுக்கு, டிவிடி உறையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் விநியோகஸ்தரின் பெயரைப் பார்த்து நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். மிகச் சிறிய படமென்றால் இயக்குநரே உரிமையை வைத்திருக்கக்கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு எழுதும்போது கூடத்தின் பெயர், நாள், எத்தனை இருக்கைகள், எவ்வளவு கட்டணம், எந்த வடிவில் படம் வேண்டும் என்ற ஐந்தையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டால் விடை விரைவில் வரும். இந்தச் செய்திகளில் தெளிவில்லாதவர்களுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து இயங்கும் ‘சினிமா ஃபார் ஆல்’ அமைப்பும், அயர்லாந்தில் ‘ஆக்செஸ் சினிமா’ அமைப்பும் சமூகத் திரையிடல்களுக்கென்றே வழிகாட்டுகின்றன.

உரிமத் தொகை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: குறைந்தபட்சமாக ஒரு தொகை, அல்லது வசூலில் இத்தனை விழுக்காடு, இவற்றில் எது கூடுதலோ அது. உதாரணமாகக் குறைந்தபட்சம் 100 பவுண்ட், பங்கு 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஆறு பவுண்ட் கட்டணத்தில் நாற்பது பேர் வந்தால் வசூல் 240. பங்கு 84 தான் வருகிறது என்பதால் நூறே கட்ட வேண்டும். ஐம்பது பேர் வந்தால் பங்கு 105 ஆகிவிடும். கூடத்தின் வாடகையையும் இதோடு சேர்த்து, எத்தனை பேர் வந்தால் கையைக் கடிக்காது என்று ஒரு தாளில் எழுதிப் பொருளாளரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். பிரிட்டனில், படத்தில் வரும் இசைக்காக, இசைப் படைப்பாளிகளின் உரிமைத்தொகையைத் திரட்டும் பிஆர்எஸ் அமைப்புக்கும் கட்டணம் உண்டு. கூடத்துக்கு ஏற்கெனவே உள்ள இசை உரிமம் அதைத் தழுவுகிறதா என்று கூடத்தின் பொறுப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கூடத்துக்கான கேளிக்கை உரிமம் வேறொரு செய்தி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 ஏப்ரல் முதல், இலாப நோக்கமில்லாத சமூகத் திரையிடலுக்கு அது தேவையில்லை. ஆனால் கூட்டம் 500-க்கு மேற்படக் கூடாது, காலை 8 முதல் இரவு 11 மணிக்குள் நடக்க வேண்டும், கட்டட நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும், வயதுத் தரத்தை மதித்தாக வேண்டும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் விதிகள் தனி. உள்ளூர் மன்ற அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உரிமம் எழுத்தில் கைக்கு வரும்வரை சுவரொட்டி அச்சடிக்காதீர்கள். எங்கள் சங்கத்தில் ஒரு முறை, அதற்கு முந்தைய ஆண்டு ஒருவர் தொலைபேசியில் ‘சரி’ என்று சொன்னதை நம்பி அறுபது சுவரொட்டிகளை ஒட்டிவிட்டோம். கடிதம் எழுதிப் பார்த்தபோது படத்தின் உரிமை வேறு கைக்கு மாறியிருந்தது; புதிய உரிமையாளர் விடை அளிக்கவே ஆறு வாரம் ஆயிற்று. ஒட்டிய அறுபதையும் மழையில் நனைந்துகொண்டு நானே கிழித்தேன். சில உரிமங்களில், உறுப்பினர் அல்லாதோர் கண்ணில் படும் இடத்தில் படத்தின் பெயரையே போடக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். அதையும் படித்துவிட்டே அச்சகத்துக்குப் போங்கள்.

மூன்றாம் வேலை: கூடமும் கருவிகளும்

வட இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதரையைத் தாண்டிவிடும். கூடத்துச் சன்னல்களுக்குக் கனத்த திரைச்சீலை இல்லாவிட்டால் கோடையில் படம் காட்டுவது வீண்வேலை. பல சங்கங்களின் பருவம் செப்டம்பரில் தொடங்கி வசந்தத்தில் முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். பகலில் ஒரு முறை போய், எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, எங்கிருந்து வெளிச்சம் வருகிறது என்று பாருங்கள். அவசர வழியின் பச்சை விளக்கை மட்டும் எக்காரணம் கொண்டும் மறைக்கக் கூடாது.

சம தளமான தரையில் துணைத்தலைப்புதான் முதலில் மறையும். திரையின் அடிவிளிம்பு, உட்கார்ந்திருப்பவரின் தலைக்கு மேல் இருக்க வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம் கிடைத்தால் நல்லது. மேடை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். நாற்காலிகளை நேர்க்கோட்டில் போடாமல், முன்வரிசையின் இரு தலைகளுக்கு இடையே பின்வரிசைக்காரரின் பார்வை போகும்படி அரை நாற்காலி தள்ளிப் போடுங்கள். போட்டு முடித்தபின் கடைசி வரிசையில் நீங்களே உட்கார்ந்து, ஒரு துணைத்தலைப்பை நிறுத்தி வைத்து வாசித்துப் பாருங்கள்.

படத்தின் சட்டக விகிதம், அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம், அடுத்த கண்ணி. ஆண்ட்ரியா ஆர்னால்ட் ‘ஃபிஷ் டேங்க்’ (2009) படத்தை அகலத் திரைக்கு எடுக்கவில்லை. ஏறத்தாழ சதுரத்தை ஒட்டிய பழைய விகிதத்தில் எடுத்தார். இரு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும், அது சரிதான். எங்கள் கூடத்தில் அதைக் குறை என்று நினைத்த நண்பர் ஒருவர், நான் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் ரிமோட்டை அழுத்திப் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிவிட்டார். பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி யாருமில்லாத வீட்டில் தனியே நடனம் பழகும் காட்சியில் மேலே தலையும் கீழே காலும் வெட்டுப்பட்டன. மீண்டும் சரிசெய்ய ஐந்து நிமிடம் பிடித்தது; மெனு திரையில் வந்து வந்து போயிற்று. அன்று முதல் ரிமோட் என் சட்டைப்பையில்தான்.

ஒலியைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். இன்றைய டிவிடிகளும் ப்ளூ ரே வட்டுகளும் பெரும்பாலும் 5.1 ஒலிப்பதிவோடு வருகின்றன. அதாவது ஆறு தடங்கள். அந்த அமைப்பில் வசனம் பெரும்பாலும் நடுத்தடத்தில் இருக்கிறது. ஊர்க் கூடத்திலோ இடம், வலம் என்று இரண்டு ஒலிபெருக்கிகளே இருக்கும். வட்டுக் கருவி ஆறு தடங்களை இரண்டாகக் கலந்து அனுப்பும்படி அமைக்கப்படாமல், நடுத்தடம் எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிட்டால், இசை இடிக்கும், மழை கொட்டும், கார்க் கதவு அறையும். மனிதர்களின் பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பலர் இதை ‘அயர்லாந்துக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள்’ என்று தவறாகப் புரிந்துகொண்டு ஒலியளவைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்ட இசைதான் கூடும். கருவியின் ஒலி அமைப்புகளுக்குள் போய் ‘ஸ்டீரியோ’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வட்டின் மெனுவிலேயே ஸ்டீரியோ ஒலித்தடம் தனியாக இருந்தால் அதையே போடுங்கள். பிறகு, படத்தில் இருவர் தாழ்ந்த குரலில் பேசும் ஒரு காட்சியை ஓட்டி, கூடத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்று கேளுங்கள். வெற்றுக் கூடம் எதிரொலிக்கும். ஆள் நிரம்பினால் உடைகளும் உடல்களும் ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சோதனையில் சரியாக இருந்த அளவைவிடச் சற்றுக் கூட்டித்தான் மாலையில் தொடங்க வேண்டும்.

துணைத்தலைப்பைப் போடுவதா வேண்டாமா என்ற வழக்கு ஒவ்வொரு செயற்குழுவிலும் உண்டு. என் தீர்ப்பு: இருந்தால் எப்போதும் போடுங்கள். செவித்திறன் குறைந்தோருக்கான துணைத்தலைப்பில் ‘கதவு தட்டும் ஓசை’ போன்ற குறிப்புகளும் வரும். முதல் ஐந்து நிமிடம் அது உறுத்தலாம், பிறகு கண் பழகிவிடும். சங்கத்துக்கு வருபவர்களில் முதியோர் கணிசம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். சிறிய படங்களின் வட்டுகள் சிலவற்றில் துணைத்தலைப்பே இருக்காது. உரிமத்துக்கு எழுதும்போதே அதையும் கேட்டுவிடுங்கள்.

இந்தியாவிலிருந்து கொண்டுவந்த வட்டை நம்பாதீர்கள்: பிரிட்டனும் அயர்லாந்தும் டிவிடியில் இரண்டாம் மண்டலம், இந்தியா ஐந்தாம் மண்டலம்; வேறு மண்டலத்து வட்டை இங்குள்ள பல கருவிகள் ஓட்டுவதில்லை. இன்னொரு சிறு செய்தி: இங்குள்ள தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் அமைந்த டிவிடியில் படம் நொடிக்கு 24 சட்டகங்களுக்குப் பதிலாக 25 என்ற வேகத்தில் ஓடுவதால், திரையரங்கில் 100 நிமிடம் ஓடிய படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். தேநீர்க்காரர்களிடம் நேரம் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள்.

நான்காம் வேலை: அந்த மாலை

முன்னுரை இரண்டு நிமிடத்துக்குள் இருக்கட்டும். கதையைச் சொல்ல வேண்டாம்; படத்தைக் கேட்கவும் பார்க்கவும் உதவும் செய்தியை மட்டும் சொல்லுங்கள். மார்க் ஜென்கினின் ‘பெய்ட்’ (2019), கார்ன்வால் மீனவக் கிராமத்தில் வீடுகளை விடுமுறைக்காரர்கள் வாங்கிக்கொள்வதால் எழும் பகையைப் பேசும் கறுப்பு வெள்ளைப் படம். கையால் முறுக்கிவிட்டு ஓட்டும் போலெக்ஸ் கேமராவில் 16 மில்லிமீட்டர் சுருளில் எடுத்து, இயக்குநரே கழுவிய படம் என்பதால் கீறல்களும் மினுக்கல்களும் திரையில் தெரியும். ஒலி முழுவதும் பிறகு சேர்க்கப்பட்டது. இதைச் சொல்லாமல் விட்டால், பத்தாவது நிமிடத்தில் யாரேனும் எழுந்து வந்து வட்டைத் துடைக்கச் சொல்வார். ‘த விண்ட் தட் ஷேக்ஸ் த பார்லி’ (2006) போன்ற படத்துக்கு வேறு வகை முன்னுரை தேவை: 1920-களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் விடுதலைப் போரும் அதை அடுத்த உள்நாட்டுப் போரும் வேறு வேறு என்பதை இரண்டு வாக்கியத்தில் தெளிவாக்கினால், முதற்பாதியில் தோளோடு தோள் நின்றவர்கள் பின்பாதியில் ஏன் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று யாரும் குழம்பமாட்டார்கள். இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் ஐரிஷ் வேர் கொண்ட குடும்பங்கள் உண்டு. கூடத்தில் அவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைவோடு பேசுங்கள்.

இடைவேளையைப் பற்றி நமக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் படங்களில் இடைவேளை திரைக்கதையிலேயே எழுதப்பட்டது. அந்த இடத்தில் ஒரு திருப்பம் இருக்கும், விளக்கு எரியும், நாம் முறுக்கு வாங்கப் போவோம். இந்தப் படங்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. ஐஸ்கிரீம் விற்பனைக்காகச் சங்கம் இடைவேளை விடும் வழக்கமிருந்தால், எந்த நிமிடத்தில் நிறுத்துவது என்பதை முன்பே படம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டீவ் மெக்வீனின் ‘ஹங்கர்’ (2008), 1981-இல் வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் நடந்த உண்ணாவிரதத்தைப் பற்றியது. அதன் நடுவே ஒரு கைதியும் ஒரு பாதிரியாரும் மேசையின் இருபுறமும் உட்கார்ந்து பேசுவது, ஏறத்தாழ 17 நிமிடம் கேமரா அசையாத ஒரே காட்சித்துண்டாக வருகிறது. கடிகாரத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்துபவர் அதற்குள்தான் போய் விழுவார். அந்தப் படத்துக்கு இடைவேளையே விடாமல், தேநீரை முன்னதாகக் கொடுத்துவிடுவதே முறை.

படம் முடிந்ததும் உடனே விளக்கைப் போடாதீர்கள். பெயர்கள் ஓடி முடியட்டும். வெளியே போகும் வாசலில் பெட்டி ஒன்றை வைத்து, உள்ளே வரும்போதே கொடுத்த மதிப்பெண் சீட்டைப் போடச் சொல்லுங்கள். சீட்டின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்கும். இருட்டிலும் பேனா இல்லாமலும், பிடித்த எண்ணில் ஒரு கிழி கிழித்தால் போதும். பின்புறம் எழுத விரும்புபவர்கள் எழுதுவார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய் எண்ணும்போது, குறைந்த மதிப்பெண் சீட்டுகளைத் தனியே பிரித்து, ‘கதை பிடிக்கவில்லை’ என்பவற்றையும் ‘பேசியது கேட்கவில்லை’ என்பவற்றையும் இரண்டு பத்தியாக எழுதுங்கள். முதல் பத்தியைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பலாம். இரண்டாம் பத்தியில் மூன்று பேருக்கு மேல் இருந்தால், அடுத்த படத்துக்கு முன் ஒரு மாலை கூடத்துக்குப் போய் ஒலிபெருக்கிகளை இடம் மாற்றிப் பாருங்கள். வசூல் கணக்கை உரிமத்தில் குறித்த நாளுக்குள் அனுப்பிவிட்டு, கடன் வாங்கிய வட்டு எதுவும் கருவிக்குள்ளேயே தங்கிவிடவில்லை என்பதையும் பார்த்துவிடுங்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.